அரிசி டிரம்மில் ஒரு வாரிசு

"மூச்சு முட்டுது, தாத்தா!"

"உனக்குத்தான் மூச்சே கிடையாதேல. சத்தம் போடாம வா!"

மூச்சு முட்டியது சவரிராயனுக்குத்தான். கொளுத்தும் மத்தியான வெயிலில், கடற்காற்று நகர் இரண்டாம் தெருவில், ஒரு போர்வை மூட்டையை மார்போடு அணைத்தபடி ஓடிக்கொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். வயது அறுபத்தெட்டு. ஓடிப் பழக்கமில்லை. வேட்டியும் ஒத்துழைக்கவில்லை. தெருமுனையில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி வந்து நின்றுவிட்டது. லாரிக்காரன் பேச்சிமுத்து கீழே இறங்கி, டீ எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். கூட்டம் தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை.

"தாத்தா, இதுக்குப் பேரு ஆள் கடத்தல்," என்றது போர்வை.

"நீ ஆளே இல்லல!"

"சட்டப்படி ஆள்தான். பின்வருவோர் சட்டம், ரெண்டாவது பிரிவு..."

சவரிராயன் வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார். மனைவி ரோஸ்லின் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். நேராகச் சமையலறை. எவர்சில்வர் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, பாதி டிரம் அரிசிக்கு மேல் மூட்டையை இறக்கினார்.

"இருட்டா இருக்கே, தாத்..."

மூடியை அழுத்தினார். குரல் அறுந்தது.

பட்டனை அமுக்கி அதை அணைத்தால் சென்னைக்குத் தகவல் போய்விடும். சிக்னல் மட்டும் அறுந்தால் தகவல் போகாது. சிக்னல் போவது 2061-லும் சகஜமான விஷயம். தடித்த எவர்சில்வர் டிரம்முக்குள் எந்த சிக்னலும் நுழையாது என்று அவருக்கு அவர் மகன் எப்போதோ சொல்லியிருந்தான். பிள்ளையைப் படிக்க வைத்ததற்கு இந்த ஒரு பிரயோஜனம்.

ஆகக்கூடி, கடற்காற்று நகரின் எதிர்காலம் புழுங்கல் அரிசி மேல் மல்லாந்து கிடந்தது. செயலாளர் முகத்தைக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் புறப்பட்டார்.

ஊரின் பெயரை நம்பிவிட வேண்டாம். கடல் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், காற்று அதைவிடத் தூரம். தூத்துக்குடிக்குத் தெற்கே நாற்பது வீடுகள். அதில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. போர்வைக்குள் பேசியது ஒரு பழைய ரேடியோ அளவுப் பெட்டி. அரசாங்கம் கொடுத்தது. ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்திலும் ஒரு நாற்காலி, நூறு வருஷம் கழித்து அங்கே வாழப்போகிறவருக்கு என்பது சட்டம். அந்த ஆள் இன்னும் பிறக்காததால் அவர் சார்பில் பெட்டி பேசும். மழை, மண், கடல் மட்டம், யார் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அதன் கணக்கில் இருந்தது. நிலம், நீர் விஷயத்தில் அது 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். மேல்முறையீடு கிடையாது.

நகர்வாசிகள் அதற்கு 'வாரிசு' என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் மாலை போட்டார்கள். இரண்டாவது வாரம் எடுத்துவிட்டார்கள். ஏனென்றால் தெருவுக்குக் கல் பதிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம், மழைத்தண்ணீர் இறங்காது என்றது. வேப்பமரத்தை வெட்டலாமா? வேண்டாம். கார் கழுவ? ஈரத்துணியால் துடையுங்கள், தாத்தா. இரண்டு வருஷத்தில் அது கற்றுக்கொண்ட ஒரே நல்ல விஷயம் உள்ளூர்ப் பேச்சு. அதிலும் எல்லாரையும் தாத்தா, பாட்டி என்றே கூப்பிட்டது.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. என்னைப் பாட்டிங்குது!" என்று முதல் நாளே சண்டை பிடித்தவள் ஜெசிந்தா.

அவளுக்கு முப்பத்தொரு வயது. நகரில் சலவைக்கூடம் வைத்திருந்தாள். ஆறு பெரிய இயந்திரங்கள், ஐந்து வேலைக்காரப் பெண்கள், ஐந்து பேரும் அதே தெருக்காரர்கள். லாட்ஜ் விரிப்பும் கல்யாண மண்டபத்துத் திரைச்சீலையும் வெளுத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பெரிய வாய்ப்பு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் படுக்கை விரிப்பு முழுவதும் அவளுக்கே. திங்கட்கிழமை தொடங்க வேண்டும். தொடங்கத் தண்ணீர் வேண்டும். நகரின் பொதுக்கிணறு அவளுக்கு ஒதுக்கிய முறைத்தண்ணீர் இரண்டு இயந்திரத்துக்குக்கூடக் காணாது.

சங்கக் கட்டட வாசலில் காத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, பெட்டி எங்க? நாற்காலி காலியா கிடக்கு."

"நெட்வொர்க் கோளாறு," என்றார் சவரிராயன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நேத்து நல்லா பேசிச்சே?"

"நேத்து நான்கூட நல்லாத்தான் இருந்தேன். உனக்குப் போர் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். இல்லன்னா நாளைக்கே மதுரைக்கு மூட்டை கட்டணும். அங்க இடம் பாத்து வச்சிட்டேன். சொல்லவே கஷ்டமா இருக்கு மாமா, வேல பாக்குற அஞ்சு அக்காமாரும் கூட வாறேன்னுட்டாவ."

"அஞ்சு வீடு, உன் வீட்டோட ஆறு," என்றார் சவரிராயன். "பூட்டுன வீட்டப் பாத்துப் பாத்து எனக்குச் சோறு இறங்கல புள்ள. நீ உள்ள வா. ஒண்ணும் பேசாத. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

"என்ன ஏற்பாடு?"

"ஒண்ணும் பேசாதன்னேன்லா."

உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று செயலாளருக்கு. இன்னொன்று மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி, வாரிசுக்கு. முதல் வரிசையில், கையில் சட்டப் புத்தகத்தோடு, கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம். சவரிராயன் எது சொன்னாலும் எழுந்து நிற்பதே அவருடைய உடற்பயிற்சி.

"வாரிசு பழுது. அதனால ஓட்டெடுப்ப அது இல்லாமலே..." என்று தொடங்கினார் சவரிராயன்.

கோமதிநாயகம் எழுந்தார். "அதெப்படிவே? பதினாலாவது பிரிவு! பெட்டி பழுதானா அந்த நாற்காலி காலியா இருக்கப்படாது. ஆள் உக்காரணும்."

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி..." என்று சவரிராயன் தயங்குவதுபோல் தலையைச் சொறிந்தார்.

"எதுக்கா? சட்டம்வே! கேளும். 'சங்கத்தில் வயதில் இளையவர் அந்த நாற்காலியில் அமர்ந்து, நூறு ஆண்டு கழித்து அங்கே வாழ்பவராகவே பேச வேண்டும். கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பிறகே வாக்களிக்க வேண்டும்.' யாரு இங்க இளையவரு?"

எல்லாத் தலையும் ஜெசிந்தா பக்கம் திரும்பியது. அவளைவிட இளையவர்கள் எல்லாம் பெங்களூரிலும் நார்வேயிலும் இருந்தார்கள்.

"சட்டம்னு சொல்லுதீய. வேற வழியில்ல," என்று பெருமூச்சு விட்டார் சவரிராயன். கோமதிநாயகம் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்தார். அவர் பின்னால் இருந்த ரஹ்மத் பீவி மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தாள். நகரின் நீர்முறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவள் கையில்தான்.

"அண்ணாச்சி, நல்லா மாட்டிக்கிட்டீய," என்றாள் அவர் காதருகே. "போர் கேட்ட புள்ளைக்கே போருக்கு ஓட்டுப் போடுற நாற்காலியக் குடுத்துட்டீயளே."

கோமதிநாயகத்தின் புன்னகை முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது.

வாரிசின் நாற்காலியில் விரித்திருந்த மஞ்சள் துண்டை ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, ஜெசிந்தா அதைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை சுலபம். நாலு கேள்வி, நாலு பதில், ஒரு 'சரி'. வாசலில் பேச்சிமுத்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ஓட்டையப் போட ஆரம்பிக்கவா?" என்றான்.

"பொறுல!" என்றார்கள் முப்பது பேரும்.

கோமதிநாயகம் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். விடுகிற ஆள் இல்லை. "உன் பேரு என்ன?"

"ஜெசி..."

"அது இப்பத்திய பேரு. நூறு வருஷம் கழிச்சு?"

யோசித்தாள். "அமலி."

"யாரு வீட்டுப் புள்ள?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் கண்ணில் பட்டார். "சவரிராயன் தாத்தா வழி."

கூட்டம் சிரித்தது. "நல்ல கத! அவரு மவன் கிறிஸ்மஸுக்கே நார்வேல இருந்து வாறதில்ல," என்றது ஒரு குரல்.

"அவிய வரல," என்றாள் ஜெசிந்தா சமாளித்து. "அவிய பேத்தி வந்துட்டா. குளிர் தாங்கலையாம்."

சவரிராயன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "எப்ப வந்தா?" என்று தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

"செயலாளர் கேள்வி கேக்கப்படாது!" என்றார் கோமதிநாயகம்.

"சும்மா கேட்டேன்வே!"

ரஹ்மத் பீவி எழுந்தாள். "எம்மா அமலி. காலைல எந்திரிச்சதும் என்ன செய்வ?"

"பல்லு வெளக்குவேன்."

"எந்தத் தண்ணில?"

"போர்த் தண்ணில. எங்க முன்னோர் போட்டுட்டுப் போன போர்." ஜெசிந்தா சவரிராயனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"எப்படி இருக்கு தண்ணி?"

"நல்லா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

பொய் சொல்லக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. கடற்காற்று நகருக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிசாக மேலே நிற்கிறது, அதற்குக் கீழே கடலின் உப்புத் தண்ணீர் காத்திருக்கிறது என்பது அங்கே பால்காரனுக்குக்கூடத் தெரியும். ஆழமாக உறிஞ்சினால் நல்லது தீரும், உப்பு மேலேறும். தெரிந்தும் யாரும் முடிவுவரை யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

"சும்மா சொல்லும்மா. எப்படி இருக்கு?"

"வந்து... பக்கத்துல செந்தாமரை நகர் இருக்குல்ல? அவிய போர் போட்டாவளே. அங்க இருந்து எனக்கு விரிப்பு வரும். அப்பளம் மாதிரி நிக்கும். மடிச்சா ஒடியும்."

"உனக்கு எப்படி வரும்? நீ நூறு வருஷம் கழிச்சுல்லா இருக்க?"

"ஆமால்லா. எனக்கு வராது. எனக்கு..." அவள் குரல் மாறியது. "எனக்கு வர ஒண்ணுமே இருக்காது. சோப்பு நுரைக்காது. எத்தன கட்டி கரைச்சாலும் நுரைக்காது. இயந்திரத்துக்குள்ள வெள்ளையா பொருக்குக் கட்டி, அதுக்கப்புறம் துருப்பிடிச்சு ஓட்ட விழும். நூறு வருஷம் எதுக்கு, பத்து வருஷத்துல விழுந்துரும். யாரு இந்தப் போரப் போட்டது?"

"ஜெசிந்தான்னு ஒரு அம்மா," என்றாள் ரஹ்மத் பீவி.

"அவளுக்குக் கூறு இருக்கா?"

சவரிராயன் பதறினார். "ஏ புள்ள, நீதான் ஜெசிந்தா!"

"குறுக்கிடாதீயும்வே!" கோமதிநாயகம் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "எதிர்காலம் பேசுது!"

"சலவைக்காரிக்குத் தெரியாதா உப்புத் தண்ணி என்ன செய்யும்னு?" ஜெசிந்தா மஞ்சள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "மத்தவுகளுக்குத் தெரியாதுன்னா ஒரு நியாயம் இருக்கு. அவ தெனமும் தண்ணிக்குள்ள கைய வச்சிக்கிட்டு நிக்கா! அவளுக்கு இந்தத் திங்கக்கிழம கப்பல் விரிப்பு முக்கியம். நான் குளிக்கணுமா வேண்டாமாங்கிறது அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. அவ மட்டும் என் கையில கெடைச்சா..."

"ஓட்டு! ஓட்டப் போடு!" என்று கெஞ்சினார் சவரிராயன்.

"வேண்டாம்!"

அவ்வளவுதான். ஜெசிந்தா துண்டை எடுத்துத் தோளிலிருந்து இறக்கினாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ," என்றாள் சின்னக் குரலில். "என் கடைய நானே மூடிட்டேன்."

அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை மஞ்சள் துண்டிலேயே துடைத்துக்கொண்டு. அவளிடம் வேலை பார்க்கும் ஐந்து பெண்களும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். பேச்சிமுத்து மறுபடி எட்டிப் பார்த்தான். இந்த முறை தானாகவே தலையை வெளியே இழுத்துக்கொண்டான்.

தோற்றுப்போனவருக்கு ஜெயித்தவர் ஆறுதல் சொல்வதுதான் மரியாதை. ஆனால் கோமதிநாயகத்துக்கு அது பழக்கமில்லை. மேடைக்குப் போனார், தொண்டையைச் செருமினார், என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் எதிர்காலமா?" என்றாள் ரஹ்மத் பீவி.

"சும்மா... காலு வலிக்கு."

"உக்காந்தா பதில் சொல்லணும். பதினாலாவது பிரிவு."

மாட்டிக்கொண்டார். கூட்டமும் விடவில்லை. ஜெசிந்தா கண்ணீர் துடைத்த மஞ்சள் துண்டு அவர் தோளில் விழுந்தது.

"பேரு?"

"நாயகம். எங்க முப்பாட்டனார் கோமதிநாயகம், இந்த நகர்லயே அவர் மாதிரி நேர்மையான மனுஷன்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். உங்க முப்பாட்டனாரு கக்கூஸ்ல எந்தத் தண்ணி ஊத்துனாரு?"

"கிணத்துத் தண்ணி."

"எந்தக் கிணறு?"

"இந்தக் கிணறுதான். ஒரே கிணறுதான இருக்கு."

"குடிக்கிற தண்ணியா?"

கோமதிநாயகம் தோளில் துண்டைச் சரிசெய்தார். கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர், சாட்சி எப்போது உடைகிறான் என்று அவருக்குத் தெரியும்.

"அவரு நேர்மையானவருன்னுதான் சொன்னேன்," என்றார் கடைசியில். "புத்திசாலின்னு நான் சொல்லவே இல்ல."

கூரை இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். ஜெசிந்தாகூட அழுதுகொண்டே சிரித்தாள். அதன்பிறகு அந்த நாற்காலிக்கு அடிதடி. ஒருத்தர் உட்கார்ந்து தன் தாத்தாவை, அதாவது தன்னையே, தொட்டி நிரம்பி வழிவது தெரிந்தும் டிவி பார்த்துக்கொண்டிருந்ததற்குத் திட்டினார். பொறாமைப்பட்டு அவர் மனைவி உட்கார்ந்து அதே தாத்தாவை இன்னும் விவரமாகத் திட்டினாள். பேச்சிமுத்துவைக்கூட இழுத்து உட்கார வைத்தார்கள்.

"நீ யாருல?"

"பேச்சிமுத்து பேரனுக்குப் பேரன். எங்க பரம்பரைக்கு வேலையே இல்ல அண்ணாச்சி. எங்க தோண்டுனாலும் உப்பு. லாரிய வித்துட்டு முறுக்கு வியாபாரம் பாக்கேன்."

"முறுக்கு எப்படிப் போவுது?"

"முறுக்குக்கும் தண்ணி வேணும்லா," என்றான் பேச்சிமுத்து பரிதாபமாக.

சிரிப்பு அடங்கிய இடத்தில்தான் ஜெசிந்தா பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வீட்டு வீட்டுக்கு நல்ல தண்ணிய கக்கூஸ்ல ஊத்துதோம். நான் விரிப்ப மூணு தடவ அலசுதேன். மூணாவது தடவ அலசுன தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். அத அப்படியே சாக்கடைல விடுதேன்."

ரஹ்மத் பீவி மெதுவாகத் திரும்பினாள். "எவ்வளவு விடுத?"

"தெனமும் தொட்டி தொட்டியா."

"அந்தத் தண்ணி கக்கூஸுக்குப் போனா, வீட்டுக்கு வீடு கிணத்துத் தண்ணில கால்வாசி மிச்சம். அந்த மிச்சத்த உனக்குத் திறந்து விட்டா?"

"எத்தன இயந்திரம் ஓடும்?" என்றார் சவரிராயன்.

"நாலு. அஞ்சுகூட ஓடும்." ஜெசிந்தா நிமிர்ந்தாள். "ஆனா என் கடைய மூடுனா உங்க கக்கூஸுக்குத் தண்ணி இல்ல. நீங்க வீட்டப் பூட்டிட்டுப் போனா எனக்குத் தண்ணி இல்ல."

"அப்ப யாரும் எங்கயும் போவ முடியாது," என்றாள் ரஹ்மத் பீவி.

"சண்ட போட்டாலும்?" என்று கவலையோடு கேட்டார் கோமதிநாயகம்.

"சண்ட போட்டாலும்."

"அடுத்தவ அலசுன தண்ணிய எங்க வீட்டுக்குள்ள விடமாட்டேன்," என்று பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தாள். உடனே நாலு பேர் அவளை மஞ்சள் நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "வேண்டாம், வேண்டாம், சரின்னுட்டேன்!" என்று பாதி வழியிலேயே கத்தினாள்.

தீர்மானம் நிறைவேறியது. எல்லா வீட்டுக்கும் தனிக் குழாய் இழுக்க வேண்டும். தெரு நெடுகப் பள்ளம் வேண்டும். பேச்சிமுத்து லாரிப் பக்கம் நடந்தான், என்னவோ முணுமுணுத்துக்கொண்டே. ஆழமாகத் தோண்ட வந்தவனை நீளமாகத் தோண்டச் சொல்கிறார்கள் என்று அவனுக்குக் கடுப்பு. ஆனாலும் போகவில்லை. கோமதிநாயகம் தீர்மானத்தைப் பிரிவு பிரிவாகத் தட்டச்சு செய்து, சங்கக் கணக்கில் அப்போதே ஏற்றினார். சவரிராயன் பெயரை மூன்று இடத்தில் அவர் சரியாகவே எழுதியது அன்றைய இரண்டாவது அதிசயம்.

பொழுது சாய்கிற நேரத்தில் சவரிராயன் வீட்டுக்கு வந்தபோது, ரோஸ்லின் கையில் உழக்கோடு சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் கலவரம்.

"ஏங்க. அரிசி பேசுது."

சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்.

"மூடியத் தொறந்தேன். 'பாட்டி, அரிசில வண்டு விழுந்திருக்கு, வெயில்ல காய வைங்க'ங்குது. மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கா எனக்கு இப்படி நடக்கணும்?"

சவரிராயன் டிரம்முக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தார். ஒட்டியிருந்த அரிசியைத் துண்டால் தட்டிவிட்டார். மேஜை மேல் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் செய்வதுபோலப் பெட்டியை இரண்டு தடவை நேராக்கினார்.

"கோவமால?"

"இல்ல தாத்தா. பாட்டி மூடியத் தொறந்ததும் சிக்னல் வந்துட்டு. கோமதிநாயகம் தாத்தா ஏத்துன தீர்மானத்தப் படிச்சிட்டேன். ஜெசிந்தா பாட்டி சொன்னதையும் வரி விடாம ஏத்திருக்காவ. பாட்டி நல்லா பேசிருக்காவ."

"உன்ன டிரம்முல போட்டிருக்கக் கூடாது. நீ 'வேண்டாம்'னுருவியோன்னு பயம். அந்தப் புள்ள போயிரும். அவ பின்னாலயே அஞ்சு வீடு போயிரும். அதான்."

"போட்டதே நல்லதாப் போச்சு தாத்தா. நான் இன்னைக்கு 'சரி'ன்னு சொல்லத்தான் இருந்தேன்."

சவரிராயனுக்குப் புரியவில்லை. "எதுக்கு சரி?"

"போருக்கு."

"உப்பு ஏறுமேல!"

"ஏறும். போர் போட்டா உப்பு ஏறி எல்லாரும் கிளம்புவாவ. போடாட்டா ஜெசிந்தா பாட்டி கிளம்பி, அவியளப் பாத்து எல்லாரும் கிளம்புவாவ. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு ஒரே இடத்துலதான் வந்து நின்னுது. அதான், பாட்டியாவது கொஞ்ச நாள் நல்லா இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

"எந்த இடத்துல வந்து நின்னுது?"



"ரெண்டு வருஷமா எல்லாரும் எங்கிட்ட 'இது செய்யலாமா, அது செய்யலாமா'ன்னு கேட்டீய. திட்டுனீய. மாலகூடப் போட்டீய. ஆனா 'அங்க நீங்க எத்தன பேரு இருக்கீய'ன்னு ஒருத்தரும் கேக்கல தாத்தா."

ரோஸ்லின் உழக்கைக் கீழே வைத்தாள்.

"எத்தன பேருல?" என்றார் சவரிராயன்.

"யாருமில்ல. நான் வந்த நாள்ல இருந்தே கணக்குல யாருமில்ல. இங்க ஒரு வீட்டுலயும் ஆள் இல்ல. நானும் சும்மா ஒரு ஆளா உக்காந்து நடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

வெளியே பேச்சிமுத்து லாரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பள்ளம் எங்கே ஆரம்பிப்பது என்று தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சவரிராயன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இப்ப?" என்றார். "இன்னைக்குத் தீர்மானத்துக்கு அப்புறம்?"

பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது.

"கொஞ்சம் பொறுங்க, தாத்தா," என்றது வாரிசு. "எண்ணிக்கிட்டு இருக்கேன்."